வற்றாப்பளைக் கதையும் ஆதிக்கதை ஆராய்ச்சியும்

வன்னி நாட்டில் வைகாசித் திங்கள் பிறந்ததும் மக்களின் மனம் நந்திக்கடற் கரையை நாடத் தொடங்கிவிடுகின்றது. முல்லைத்தீவு மாவட்டத்தில் அக்கடனீரேரியின் ஓரத்தே விளங்கும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில், அம்மாதத்துப் பூரணையை ஒட்டிய திங்கட்கிழமையிற் பொங்கல் நிகழும். கிளிநொச்சி, வவுனியாப் பகுதிகளிலிருந்தும் அவற்றுக்கு அப்பாலிருந்தும் அடியார்கள் திரளாக வந்து கூடுவர். கடலில் முகந்து வந்த உப்புநீரில் விளக்கெரிப்பது இப்பொங்கலோடு சேர்ந்த வழக்கு. அவ்வழக்குக்குக் காரணமாக முதியோர் கூறும் கதையை நேயர்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். அறியாதார் பொருட்டு அதனைச் சுருக்கமாகச் சொல்லுகின்றேன்.

நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர் சிலர் ஒருநாள் தனியே இருந்த ஒரு மூதாட்டியைக் கண்டனர். பசியோடிருந்த அவருக்குப் புக்கை பொங்கிக் கொடுத்தனர். பொழுது சாய்ந்தது. விளக்கேற்றுமாறு மூதாட்டி பணித்தார். எண்ணெய்க்கு எங்கே போவதென்று சிறுவர் மயங்கினர். கடல்நீரை ஊற்றித் திரியைக் கொளுத்துமாறு அவர் கூற, அவ்வாறே செய்தனர், விளக்கு எரிந்தது. பின்னர்த் தம் தலையிற் பேன் பார்க்குமாறு கேட்டார். கூந்தலை விலக்கிய சிறுவர் தலையெங்கும் கண்களாக இருக்கக் கண்டு திகைத்து நின்றனர். வைகாசித் திங்கட்கிழமையில் மீண்டும் வருவதாகக் கூறி மூதாட்டி மறைந்தார். மதுரையை எரித்த கண்ணகியே அவர் என்பது ஊரவர் கொள்கை. மதுரையை நீங்கிய அம்மை இலங்கையிற் பல இடங்களில் தங்கிப் பத்தாவதாக இங்கு வந்தமையாற் 'பத்தாம் பளை' என்று பெயர் பெற்ற இடமே பின்னர் 'வற்றாப்பளை' ஆயிற்று என்றும் கூறுவர்.

பல நாட்டுப் பழங்கதைகளையும் கற்ற ஒருவர் இதனைக் கேட்பாராயின் அவருடைய நினைவு உடனே தொலைதூரம் ஓடும். உடலெங்கும் ஆயிரங் கண்ணுடையவன் இந்திரன் என்று வடமொழி நூல்கள் கூறுகின்றன. பழம் பாரசீகரின் மித்திரன் என்னுந் தெய்வத்துக்குப் பதினாயிரங் கண்கள். கிரேக்கர் கதையில் ஆர்கோஸ் என்னுங் காவலன் உடலெல்லாம் கண்ணாக விளங்குகின்றான். நீரில் எரிந்த விளக்கோ? திருவாரூரில் நமிநந்தியடிகள் குளத்து நீரை முகந்து விளக்கேற்றிய வரலாற்றைப் பெரியபுராணம் பாடுகின்றது. எருசலேம் நகரத்து ஆயர் நார்சிசுஸ் என்பவர், எண்ணெய் தீர்ந்துபோன ஓரிரவிற் கிணற்று நீரை விளக்கில் வார்ப்பித்து எரியச் செய்தார் என்று 4ஆம் நூற்றாண்டில் எழுதிய யூசேபியசு என்னும் திருச்சபை வரலாற்றாசிரியர் குறிப்பிடுகின்றார்.

இவ்வொற்றுமைகளுக்குக் காரணம் யாது? கதைகளை ஒப்பிட்டு, அவற்றுக்கெல்லாம் முந்திய ஆதிக்கதையை மீட்டெடுக்க இயலுமா? இக்கேள்வியையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன். இவ்வாராய்ச்சி பக்தியை அளக்கும் கோல் அன்று. அம்மையின் அருளை நம்புவோர் நம்பிக்கையில் அது தலையிடுவதில்லை. கதை எவ்வழியாக நம்மிடம் வந்தது என்பதையே அது வினவுகின்றது.

இரு கதைகள் ஒத்திருப்பதற்கு மூன்று காரணங்கள் இருத்தல் கூடும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் முகம் ஒத்திருப்பதுபோல, ஒரே பழங்கதையின் வழித்தோன்றல்களாக அவை இருக்கலாம். அயலார் வீட்டு விதைநெல்லை வாங்கி விதைப்பதுபோல, ஓரினத்தார் மற்றோரினத்தாரிடம் இரவல் பெற்றிருக்கலாம். அன்றேல், ஒருவரையொருவர் அறியாத மக்கள் ஒரே தேவையினால் ஒரே வகையாகச் சிந்தித்திருக்கலாம். மரபு, இரவல், தனித்தோற்றம் என இவற்றை அழைப்போம். இம்மூன்றையும் பிரித்தறியாமல் ஒற்றுமைகளை மட்டும் அடுக்கிக்கொண்டு போவது ஆராய்ச்சியாகாது.

நீர்விளக்குக் கதை தனித்தோற்றத்துக்குத் தக்க சான்றாகும். எண்ணெய் விளக்கை நம்பி வாழ்ந்த மக்கள் எங்கும் இருந்தனர். இருள் சூழும் வேளையில் எண்ணெய் இல்லாமற் போகும் துன்பத்தை அறியாதார் இலர். தெய்வத் துணையால் நீரே நெய்யாகும் என்னும் எண்ணம் எருசலேமிலும் ஆரூரிலும் நந்திக்கடலிலும் தனித்தனியே பிறப்பதில் வியப்பில்லை. ஆரூர்க் கதையைக் கேட்டறிந்தவர் எவரேனும் வன்னியில் இருந்திருக்கலாம். ஆயினும் எருசலேமுக்கும் வன்னிக்கும் உறவு காட்ட நமக்கு எவ்விதத் தேவையுமில்லை.

ஆயிரங் கண் செய்தியோ வேறொரு பாடத்தைக் கற்பிக்கின்றது. இந்திரனையும் மித்திரனையும் நாடிப் போகுமுன் அயலிலே கேட்டறிதல் வேண்டும். தமிழ்நாட்டு மக்கள் மாரியம்மனை 'ஆயிரங்கண்ணுடையாள்' என்று அழைக்கின்றனர். அம்மை நோய் கண்ட வீட்டார் அங்கே மாரியை வேண்டியதுபோல ஈழத்திற் கண்ணகியை வேண்டினர். இவ்வளவு அண்மையிற் சான்று இருக்கும்போது பாரசீகத்துக்குப் பயணம் போவானேன்? அயலவரை விசாரித்த பின்னரே தூரத்தாரை விசாரித்தல் வேண்டும் என்பது ஒப்பீட்டுக்கு முதல் விதி.

இனி மரபுவழி ஒற்றுமைக்கு வருவோம். அதனை நிறுவுவதற்குக் கதைகள் மாத்திரம் போதா. மொழியின் துணையும் வேண்டும். நமக்கு அண்மையான ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகின்றேன். தமிழிற் பால், பத்து, பல், புலி என்று வழங்குவனவற்றைக் கன்னடர் ஹாலு, ஹத்து, ஹல்லு, ஹுலி என்கின்றனர். நம் பகரம் நிற்குமிடத்திலெல்லாம் அவர்களிடம் ஹகரம் ஒழுங்காக வந்து நிற்கின்றது. இத்தகைய ஒழுங்கு தற்செயலாக அமைவதன்று. இவ்விரு மொழிகளும் ஒரு தாய்மொழியிலிருந்து பிரிந்தன என்பதற்கு இஃது உறுதியான சான்று. தென்னாட்டு மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை எல்லிஸ் 1816ஆம் ஆண்டிற் சென்னையில் எடுத்துக் காட்டினார். கால்டுவெல் 1856ஆம் ஆண்டில் விரிவான ஒப்பிலக்கணம் எழுதி அதனை நிலைநாட்டினார்.

இதற்கு முன்னரே 1786ஆம் ஆண்டிற் கல்கத்தாவில் வில்லியம் ஜோன்ஸ் என்பார், சமஸ்கிருதம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்றும் இப்போது வழக்கிலில்லாத ஒரு மூலமொழியிற் பிறந்தனவாதல் வேண்டும் என்று உரைத்தார். சமஸ்கிருதத்திற் பிதா, பாதம், பஞ்ச என்பவை ஆங்கிலத்தில் ஃபாதர், ஃபூட், ஃபைவ் என ஒழுங்காக மாறி நிற்றல் காண்க. இக்குடும்பத்துக்கு இந்தோ-ஐரோப்பியம் என்று பெயர். நம் அயலவர் பேசும் சிங்களமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. தந்தையைக் குறிக்கும் 'பியா' என்னும் சிங்களச் சொல் 'பிதா'வின் வழியில் வந்ததாகும். அம்மூலமொழியைப் பேசிய மக்கள் ஏறத்தாழ 5000 முதல் 6000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர்கள். அவர்கள் எழுத்தறியாதவர்கள். எனவே அவர்களுடைய கதைகளில் ஒன்றேனும் எழுத்தில் நமக்குக் கிடைக்கவில்லை.

கிடைக்காத கதையை எவ்வாறு மீட்பது? வேதத்தில் 'தியௌஸ் பிதா' என்று ஒரு தெய்வம் விளிக்கப்படுகின்றது. வானத் தந்தை என்பது அதன் பொருள். கிரேக்கர் 'ஜீயஸ் பத்தேர்' என்றனர்; உரோமர் 'ஜூப்பிட்டர்' என்றனர். இம்மூன்றும் பொருளால் ஒத்தன மாத்திரமல்ல. ஒலிமாற்ற விதிகளுக்கும் எழுத்துக்கு எழுத்து இயைந்து நிற்கின்றன. ஆகவே ஆதி மக்கள் வானத்தைத் தந்தையென விளித்தனர் என்று துணிந்து கூறலாம். ஆனால் அவரே தெய்வங்களுக்கெல்லாம் அரசராக விளங்கினாரா என்பதை அவ்வாறு துணிய இயலாது. கிரேக்கத்தில் ஜீயஸ் அரசர். வேதத்தில் தியௌஸ் ஓரத்தில் நிற்கும் ஒரு முதியவரே.

இதனினும் அழகிய சான்று இரட்டையர் கதை. வேதத்து அசுவினிகள் இருவர், வானின் புதல்வர், குதிரையோடு தொடர்புடையவர், கடலில் தத்தளித்த புஜ்யுவைக் காத்தவர், சூரியன் மகளைத் தேரில் ஏற்றியவர். கிரேக்க இரட்டையரும் ஜீயஸின் மைந்தர் எனப்பட்டனர், குதிரை வீரர், கடலோடிகளின் துணைவர். இலாத்விய நாட்டுக் குடியானவர் பாடல்களிலோ 'தியேவ தேலி' எனப்படும் வானத்தெய்வத்தின் மைந்தர் குதிரையேறிச் சூரியன் மகளை மணம்பேச வருகின்றனர். தனிப்பட்ட பெயர்கள் வேறு வேறாயினும், வானின் மைந்தர் என்னும் பட்டமும், குதிரையும், கடலிற் காத்தலும், சூரியன் மகளும் ஒரு கொத்தாகத் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒற்றை ஒற்றுமை தற்செயலாகலாம். கொத்தாக வரும் ஒற்றுமையைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. பாம்பைக் கொன்ற வீரன் கதையிலும் இவ்வாறே கதையோடு அதனைச் சொல்லும் சொற்றொடரும் மொழிதோறும் தொடர்ந்து வருவதைக் கால்வெர்ட் வாட்கின்ஸ் என்னும் அறிஞர் 1995இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

மீட்கப்பெறுவது முழுக் கதையன்று என்பதை நேயர்கள் மனங்கொள்ளல் வேண்டும். சில பட்டங்கள், சில சொற்றொடர்கள், தெய்வங்களுக்கிடையே சில உறவுமுறைகள், இவ்வளவே. உடைந்த பானையின் விளிம்பைக் கொண்டு அதன் வாயகலத்தை அறியலாம்; அதிற் பொங்கிய புக்கையின் சுவையை அறிய முடியாது.

இத்துறையில் வழுக்கி விழுந்தோர் பலர். இலத்தீனிற் கடவுளைக் குறிக்கும் 'தேயுஸ்' என்னுஞ் சொல்லும் கிரேக்கத்தில் அதே பொருள் தரும் 'தெயோஸ்' என்னுஞ் சொல்லும் உடன்பிறந்தவை போலத் தோன்றும். ஒலிவிதிகளை வைத்துப் பார்த்தால் அவற்றிடையே யாதோர் உறவும் இல்லை. தேயுஸ் என்பதன் உறவு வடமொழித் 'தேவ' என்பதோடுதான். வருணனையும் கிரேக்கரின் ஊரானோசையும் ஒன்றென முன்னோர் பலர் கொண்டனர். அதனையும் ஒலிவிதி ஏற்பதில்லை. பத்தாம் பளை வற்றாப்பளை ஆயிற்று என்பதற்கும் இதே உரைகல்லைப் பயன்படுத்தலாம். சொல்லின் முதலிலுள்ள பகரம் வகரமாகும் ஒழுங்கு தமிழிற் பொதுவாக இல்லை. ஆதலின் பெயர்க் காரணத்தைக் கதை பிற்காலத்தில் உண்டாக்கிக்கொண்டது எனக் கருதுவதே பொருந்தும். எனினும் அம்மை ஊர் ஊராகத் தங்கி வந்தாள் என்ற நினைவு அதனால் மதிப்பிழந்துவிடாது. அவ்வழிபாடு பரவிய வழியை மக்கள் எவ்வாறு எண்ணினர் என்பதற்கு அதுவே சான்று.

இன்னும் நுட்பமான ஒரு பொறி நம் கண்ணகி கதையிலேயே மறைந்திருக்கின்றது. கண்ணகிக்குப் பத்தினி என்று பெயர். சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமென்றே வழிபடுகின்றனர். இச்சொல் வடமொழிப் 'பத்நீ' என்பதன் திரிபு. தலைவி, இல்லாள் என்பது பொருள். இதன் உடன்பிறப்பு கிரேக்கத்திற் 'பொத்னியா' என வழங்கிற்று. அதுவும் தலைவியெனப் பொருள்பட்டுப் பெண் தெய்வங்களுக்குப் பட்டமாக அமைந்தது. ஒலியும் இயைகின்றது, பொருளும் இயைகின்றது. அவ்வாறாயின் கண்ணகி இந்தோ-ஐரோப்பியத் தெய்வமா? அல்லள். சொல்லின் குலம் வேறு. கதையின் குலம் வேறு. வடக்கிலிருந்து வந்த பெயரைத் தெற்கிலே பிறந்த தெய்வம் சூடிக்கொண்டது. நற்றிணைப் பாடலொன்று, வேங்கை மரத்தடியில் நின்ற, ஒரு மார்பை அறுத்த திருமாவுண்ணி என்னும் பெண்ணைக் குறிப்பிடுகின்றது. கண்ணகி கதையின் வேர்களிலொன்று அத்தகைய பழந்தமிழ் நினைவிலே ஊன்றியிருத்தல் கூடும்.

அடுத்து, இரவலும் மரபும் பின்னிக் கிடக்கும் கண்ணகி கதையையே இம்முறையால் ஆராய்வோம். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தை நாம் அறிவோம். அதனின் வேறாக, ஈழத்தில் ஒரு பாடல் மரபு உண்டு. மட்டக்களப்பிற் கண்ணகி வழக்குரை என்றும், யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை என்றும், வன்னியிற் சிலம்பு கூறல் என்றும் அது பெயர் பெறும். முல்லைத்தீவுப் பகுதியில் ஆடப்படும் கோவலன் கூத்து மற்றொரு கிளை. சிங்களத்தில் 'பந்திஸ் கோல்முற' எனப்படும் 35 பாடல் தொகுதிகள் பத்தினி கதையைக் கூறுகின்றன. 'கம்மடுவ' என்னும் ஊர்ச் சடங்கில் அவை பாடப்படும். அங்கே கோவலன் பெயர் பாலங்க.

இவற்றையெல்லாம் அருகருகே வைத்துப் பார்ப்போம். சிலம்பு, பொற்கொல்லனின் வஞ்சகம், பாண்டியனின் தவறு, மார்பைத் திருகி எறிதல், மதுரை எரிதல் என்பன எங்கும் உள்ளன. இவையே கதையின் உயிர்நிலை. ஆனால் சிங்களப் பாடல்களில் நெற்றிக்கண்ணுடைய பாண்டியனின் தோட்டத்து மாங்கனியிலிருந்து பத்தினி தோன்றுகின்றாள். கனி பேழையில் வைத்து நீரில் விடப்படுகின்றது. மட்டக்களப்பு வழக்குரையிலும் கண்ணகி மாங்கனியாகவே வருகின்றாள். இளங்கோவடிகளோ மாங்கனியை அறியார். இதிலிருந்து நாம் அறிவது யாது? இளங்கோவின் நூலை மாத்திரம் பார்த்துத் தமிழர் ஒருபுறமும் சிங்களவர் ஒருபுறமும் தனித்தனியே கதை கட்டியிருந்தால் இருவரிடமும் இந்த மாங்கனி முளைத்திராது. எனவே காப்பியத்தின் வழியில் வாராத வேறொரு கண்ணகி கதை இவ்விரு மக்களையும் இணைத்திருத்தல் வேண்டும். இரு மொழியாரும் ஒரு பந்தலிலிருந்து கேட்ட கதை அது. கொம்பு விளையாட்டென்று கிழக்குத் தமிழரும் 'அங்கெலிய' என்று சிங்களவரும் பத்தினி பெயரால் ஒரே ஆட்டத்தை ஆடுவது இம்முடிவுக்கு வலியூட்டுகின்றது.

கதை ஈழத்துக்கு வந்த காலத்தைப் பற்றியும் சாட்சிகள் மாறுபடுகின்றன. செங்குட்டுவன் பத்தினிக்குக் கோயிலெடுத்தபோது இலங்கை மன்னன் கயவாகு உடனிருந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். கஜபாகு மன்னனின் திருப்பணிகளைக் கூறும் மகாவம்சம் பத்தினியைப் பற்றி யாதும் சொல்லவில்லை. பல நூற்றாண்டுகளுக்குப் பின்னெழுந்த இராஜாவலிய என்னும் சிங்கள நூல், அவன் சோழநாடு சென்று சிறைமீட்டு, பத்தினியின் சிலம்பையும் கொணர்ந்தான் என்கின்றது. பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984ஆம் ஆண்டிற் பெருநூல் வெளியிட்ட பேராசிரியர் கணநாத் ஒபேயசேகர, கஜபாகு கதை நடந்த வரலாறு அன்று என்றும், தென்னிந்தியர் இங்கு வந்து குடியேறியமைக்கு விளக்கமாக எழுந்த கதை என்றும் வாதித்தார். பத்தினி தன் கணவனை உயிர்ப்பிக்கும் சிங்களப் பகுதிக்கு மேற்காசியாவில் மூலந்தேடியவரும் அவரே. அவருடைய உழைப்பைப் போற்றும் நாம், அயலவரை முதலில் விசாரிக்கும் விதியை இங்கும் நினைவுகூரலாம். வெட்டுண்டு கிடந்த கோவலன் எழுந்து கண்ணகியின் கண்ணீரைத் துடைத்துப் பின் வானுலகு சென்றான் என்று இளங்கோவடிகளே பாடியிருக்கின்றார். உயிர்த்தெழுதலின் வித்து நம் அயலிலேயே கிடக்கின்றது.

இவ்வழக்கில் வன்னிக் கதையின் சாட்சியம் யாது? சிலப்பதிகாரத்தில் மதுரைப் புறத்தே கண்ணகிக்கு அடைக்கலம் தந்தவர்கள் ஆயர்கள். வற்றாப்பளையில் அவளுக்குப் புக்கை பொங்கியவர்களும் மாடு மேய்க்கும் சிறுவர்களே. கிழக்கிலங்கையிற் கண்ணகியின் வெம்மை தணியக் 'குளிர்த்தி' என்னுஞ் சடங்கு செய்கின்றனர். எரித்துவிட்டு வந்த தெய்வத்தை ஆயர் குலத்தார் உணவளித்துக் குளிர்விக்கும் ஒரு பழம் பகுதி மூலக்கதையில் இருந்திருக்கலாம். வன்னிக் கதை அதனை வேறு கோலத்திற் காத்து வைத்திருக்கலாம். இது துணிபன்று, ஊகமே. இவ்வூகத்தைச் சோதிப்பதற்கு இன்னும் பல வாய்மொழிக் கதைகள் வேண்டும். அவை எங்கே?

2008ஆம் 2009ஆம் ஆண்டுகளில் வன்னி மக்கள் ஊர் ஊராக இடம்பெயர்ந்தனர். 2009ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிந்ததும் அதே நந்திக்கடற் கரையிலேதான். உயிரைக் காப்பதே அரிதாயிருந்த அவ்வோட்டத்தில் ஏட்டுச் சுவடியையும் கூத்துக் கொப்பியையும் எவர் சுமப்பார்? கதை சொல்லிய முதியோரும் கூத்துப் பழக்கிய அண்ணாவிமாரும் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர். மக்கள் மீண்டு வந்தனர். பொங்கலும் மீண்டும் நிகழ்கின்றது. ஆயினும் ஒரு முதியவரோடு மறைந்த கதையை மறு ஆண்டுப் பொங்கலில் மீட்க முடியாது.

இலாத்விய இரட்டையரைச் சற்று முன்பு குறிப்பிட்டேன். அவர்களைப் பற்றி நாம் அறிய நேர்ந்தது எவ்வாறு? கிறிஸ்யானிஸ் பரோன்ஸ் என்னும் ஒருவர், ஊரூராகத் திரட்டப்பெற்ற இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட நாட்டுப் பாடல்களை ஒழுங்குபடுத்தி, 1894ஆம் ஆண்டு முதல் 1915ஆம் ஆண்டு வரை அச்சிட்டு வெளியிட்டார். பாடியவர்கள் படிப்பறியாக் குடியானவர்கள். வேதத்தோடும் ஹோமரோடும் ஒப்ப வைத்து எண்ணப்படும் சான்று அவர்கள் வாயிலிருந்து வந்தது. அச்சிறு நாட்டார் செய்ததை நாமும் செய்ய வேண்டும்.

நேயர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் சொல்லும் கண்ணகி கதை அச்சிட்ட நூலோடு மாறுபடுமாயின் அவரைத் திருத்தாதீர்கள். அந்த வேறுபாடே ஆராய்ச்சியாளனுக்குப் பொன். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். சொன்னவர் ஊரையும், அவர் யாரிடம் கேட்டார் என்பதையும், எழுதிய ஆண்டையும் குறித்து வையுங்கள். சிங்கள அயலவர் சொல்லும் பத்தினி கதையையும் அவ்வாறே கேட்டு எழுதுங்கள். இக்கதை எவருக்குச் சொந்தம் என்ற வழக்கை மாங்கனி எப்போதோ தீர்த்துவைத்துவிட்டது. இனி நம்மிடம் எஞ்சியிருப்பது, இருக்கின்ற சாட்சிகளின் வாய்மொழியைக் காலந்தாழ்த்தாது கேட்டு வைக்கும் கடமையேயாம்.